யாருடைய தொண்ணூறுகள்?

போன பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் அலுவலகத்தில் ‘90ஸ் கிட்ஸ் தினம்’ கொண்டாடினார்கள். வரவேற்பறையில் ஓலை வேய்ந்து ஒரு பெட்டிக்கடை போட்டிருந்தார்கள். கண்ணாடி ஜாடிகளில் கமர்கட்டு, தேன்மிட்டாய், சூடமிட்டாய். பக்கத்து மேசையில் பம்பரம், கோலிக்குண்டு, பாட்டு கேசட். மேசையின் ஓரத்தில் சட்டம் போட்ட ஓர் அட்டை, அதில் தீப்பெட்டிப் படங்கள். காலிப் பெட்டியின் மேல்பக்கத்தைக் கிழித்துச் சேர்த்துவைத்துப் பையன்கள் விளையாடுவார்களே, அந்தப் படங்கள்தான். கப்பல், மயில், சிறுத்தை, கிளி என்று முப்பது நாற்பது இருக்கும்.

“அக்கா, நீங்க 90ஸ் கிட்தானே? இதெல்லாம் பாத்தா அழுகையா வரல?” என்று கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டான். அழுகை வந்தது உண்மை. ஆனால் அவன் நினைத்த காரணம் வேறு. என் வயதுப் பிள்ளைகள் பலர் அந்தப் படங்களைச் சேகரித்தார்கள். நான் அவற்றை ஒட்டினேன்.

நான் பிறந்தது 1986-ல், சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில். மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் போய்விடும். தீப்பெட்டி ஆபீஸ் மட்டும் நிற்காமல் ஓடும். எங்கள் பக்கம் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். விடியுமுன்னே ஆபீஸ் பஸ் ஊர் முக்கில் வந்து ஹாரன் அடிக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அக்கா அதில் ஏறிப் போவாள். நான் பள்ளிக்கூடம் போனேன். சனி, ஞாயிறும் முழுப்பரீட்சை லீவும் அவளோடு போவேன். அக்கா கட்டையில் குச்சி அடுக்குவாள். என் வயசுப் பிள்ளைகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும். பசி பொறுக்காமல் பிள்ளைகள் நக்கிவிடக் கூடாது என்றுதான் கலக்குகிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பலகையில் பசையை இழுகி, லேபிளை அதில் ஒத்தி எடுத்து, பெட்டியின் நடுவில் வைத்து, கட்டைவிரலால் இரண்டு பக்கமும் ஓர் இழுப்பு. கோணலாகிவிட்டால் கணக்கப்பிள்ளை அந்தப் பெட்டியைத் தூக்கி வீசுவார், எண்ணிக்கையில் சேராது. 144 பெட்டி ஒரு குரோஸ். கூலியெல்லாம் குரோஸ் கணக்கில். சாயங்காலம் விரல்நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருக்கும். வீட்டுத் துவைகல்லில் தேய்த்துத்தான் பிரிப்போம்.

1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பு சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதன்பிறகு சோதனைக்கு ஜீப் வரும் என்று சொல்லிச் சின்னப் பிள்ளைகளை ஆபீஸுக்குள் விடவில்லை. வேலை எங்களைத் தேடி வீட்டுக்கு வந்தது. குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் அப்போது தடை இருக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டினோம். 1997-ல் சக்திமான் தொடர் ஆரம்பித்தபோது எனக்கு 11 வயது. எங்கள் தெருவில் டிவி இருந்தது ஒரே வீட்டில். அந்த வீட்டு வாசற்படியைத் தாண்ட எங்களுக்கு அனுமதி கிடையாது.

இத்தனையும் சொல்வது பரிதாபம் தேட இல்லை. என்னைப் போன்றவர்களையும் உள்ளே போட்டுத்தான் ‘90ஸ் கிட்ஸ்’ என்று எல்லோரும் பேசுகிறார்கள். கடைசியாகத் தெருவில் விளையாடிய தலைமுறையாம். காதலைச் சொல்லத் தயங்கியவர்களாம். உறவின் அருமை தெரிந்தவர்களாம். நமக்குப் பின்னால் வந்தவர்கள் ‘2கே கிட்ஸ்’, கையில் போனோடு பிறந்தவர்கள், பொறுமை கிடையாது, பெரியவர்களை மதிக்கத் தெரியாது. பட்டிமன்றம், யூடியூப், சினிமா வசனம், நகைக்கடை விளம்பரம், கல்லூரி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் பேச்சு என்று எங்கே திரும்பினாலும் இதே பல்லவி. இப்போது ‘ஜென் ஸீ’ என்று அதற்கு ஆங்கிலச் சட்டையும் மாட்டிவிட்டார்கள். இந்தப் பேச்சு தவறு என்கிறேன். தமாஷுக்குச் சொல்வதை ஏன் பெரிதாக்குகிறீர்கள் என்று கேட்பவர்களிடமும் அதையேதான் சொல்வேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் கிராமங்களில் டிவி இருந்த வீடுகள் நூற்றுக்குப் 19. நகரங்களில் 64. தொலைபேசி இருந்த வீடுகள் நாடு முழுவதும் சேர்த்து நூற்றுக்கு 9. தமிழ்நாடு கொஞ்சம் மேலே இருந்தது என்றாலும், பெரும்பாலான வீடுகளில் டிவி இல்லை என்பதுதான் இங்கேயும் நிலைமை. இங்கே ஏழை வீட்டுக்குள் டிவி பரவலாக நுழைந்தது 2006-க்குப் பிறகு, அரசு இலவசமாகக் கொடுத்தபோது. அதாவது, ‘நாங்கள் எல்லோரும் பார்த்தோம்’ என்று சொல்லப்படும் அந்தத் தொடர்களை, அந்த விளம்பரங்களை, அந்தக் கார்ட்டூன்களை அன்றைக்குப் பார்த்தவர்கள் சிறுபான்மை. டவுனில் இருந்த, மாதச் சம்பளம் வந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். பிற்பாடு கம்ப்யூட்டர் முன்னால் முதலில் உட்கார்ந்தவர்களும் அவர்களே. தங்கள் சிறுவயதை அவர்கள் எழுதினார்கள், வரைந்தார்கள், பகிர்ந்தார்கள். அதில் தவறே இல்லை, அவரவர் சிறுவயது அவரவருக்குப் பொன்தான். அந்தச் சிறுவயதை ஊருக்கே பொதுவாக்கி, அதில் இல்லாதவர்களை இல்லாமலே ஆக்கியதுதான் தவறு.

அதே வருடங்களில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களையும் இந்த வலையில்தான் போடுகிறார்கள், தமிழ் பேசுகிறவர்கள் என்பதால். அவர்களுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தங்கம்போல. ஜாம் போத்தலில் சொட்டு எண்ணெய் ஊற்றித் திரிபோட்டு, அந்த வெளிச்சத்தில் பாடம் படித்தார்கள். 1995 அக்டோபர் கடைசியில் போருக்குத் தப்பி வலிகாமம் முழுக்க ஒரே இரவில் கிளம்பி, மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளைக்கும், சென்னையில் அதே நாள் தீபாவளிக் கடைசி வெடியைக் கொளுத்திய பிள்ளைக்கும் பொதுவாக இருப்பது பிறந்த வருடம். வேறு என்ன இருக்கிறது?

இனி, எனக்கு மிகவும் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். ‘பொண்ணு கிடைக்காத 90ஸ் கிட்ஸ்’ என்ற கேலி. முப்பத்தைந்து வயது ஆணின் படம், கீழே ஒரு வடிவேலு முகம், ஊரே சிரிக்கிறது. பெண் ஏன் கிடைக்கவில்லை என்று சிரிக்கிறவர்களில் யாராவது கேட்டதுண்டா?

1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. பெற்ற பெண்ணைக் கொன்றுவிடாதீர்கள், வேண்டாமென்றால் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசாங்கம் தன் மக்களிடம் கெஞ்ச வேண்டியிருந்த காலம் அது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எண்ணினால், தமிழ்நாட்டில் 1000 பையன்களுக்கு 942 பெண் பிள்ளைகள். சேலம் மாவட்டத்தில் 851. தர்மபுரியில் 826. இயற்கையிலேயே ஆண் குழந்தைகள் கொஞ்சம் கூடுதலாகப் பிறப்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கணக்கு நேராகாது. அந்த ஆறு வயதுக்குட்பட்டவர்கள் யார்? 1994-லிருந்து 2001 வரை பிறந்தவர்கள். நீங்கள் ‘90ஸ் கிட்ஸ்’ என்று கொஞ்சுகிறீர்களே, அவர்களேதான். கள்ளிப்பாலிலும் ஸ்கேன் அறையிலும் காணாமல் போனவர்கள் அவர்களோடு பிறந்திருக்க வேண்டியவர்கள், பிறந்தும் இருக்கவிடாமல் செய்யப்பட்டவர்கள். இதை ‘90ஸ் கிட்ஸின் சோகம்’ என்று பெயர் வைத்துச் சிரிப்பதற்கு எப்படி மனம் வருகிறது?

அது மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. பெண்கள் படித்துவிட்டார்கள், பிடிக்காத மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் கொஞ்சம் வந்திருக்கிறது. சொந்த வீடு, நிரந்தர வேலை என்று பெண் வீட்டார் கேட்கிறார்கள். நிரந்தர வேலை என்பதே அருகிவிட்ட நாட்டில் அது எல்லோருக்கும் எட்டாது. எல்லாவற்றுக்கும் மேல், பெண் கிடைக்கவில்லை என்கிறவர் தன் சாதிக்குள் கிடைக்கவில்லை என்கிறார். அந்த இரண்டு சொல்லை மட்டும் வாய்க்குள் வைத்துக்கொள்கிறார். பெண் சிசுக்கொலை, சாதி, வேலையின்மை என்று ஒவ்வொன்றையும் அதனதன் பெயர் சொல்லிப் பேச வேண்டிய இடத்தில் பிறந்த வருடத்தைக் கொண்டுவந்து வைத்தால் எல்லோருக்கும் வசதி. யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

‘2கே கிட்ஸ்’ மேல் விழும் பழியும் இதே கதைதான். என் அக்கா மகளுக்கு இப்போது 20 வயது. பி.எஸ்சி. பாதியில் நின்று வேலைக்குப் போனாள். ஒரே வருடத்தில் மூன்று கடை மாறினாள். ஊர்த் திருவிழாவுக்கு வந்த பெரியப்பா ஒருவர், “இந்தக் காலத்துப் பிள்ளைக ஒரு எடத்துல நிக்காதுக, 2கே கிட்ஸுல்ல” என்றார். அவளோ ‘நின்று’தான் கால் வீங்கி வந்திருந்தாள். முதல் கடை ஒரு ஜவுளிக்கடை. பத்து மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. இருக்கையும் போட்டிருந்தார்கள், உட்கார்ந்தால் மேலாளர் முறைப்பார், அவ்வளவுதான். இரண்டாவது கடை மூன்று மாதத்தில் மூடிவிட்டது. மூன்றாவதில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது போக அம்மாவுக்கு அனுப்ப மிஞ்சவில்லை. பொறுமை இல்லாதவள் என்று இவளை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

என்னோடு பத்தாம் வகுப்பு முடித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்குப் போனார்கள். மூன்று வருடம் உள்ளேயே தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்றார்கள். சுமங்கலித் திட்டம் என்று அதற்கு ஒரு மங்கலப் பெயர். ஒருத்தி இரண்டே முக்கால் வருடத்தில் உடம்புக்கு முடியாமல் திரும்பினாள். மூன்று வருடம் முடியாததால் பேசின பணம் கிடைக்கவில்லை. அவள் பொறுத்தாள், அவளுக்கு என்ன கிடைத்தது? அவள் வயதை ‘பொறுமையான தலைமுறை’ என்றும், என் அக்கா மகளின் வயதை ‘பொறுமையற்ற தலைமுறை’ என்றும் பிரிக்கிறவர்களுக்கு இரண்டு பேரையும் தெரியாது. எனக்குத் தெரியும். ஒருத்திக்கு வெளியே போக வழி இல்லை, கேட் பூட்டியிருந்தது. இன்னொருத்திக்குக் கேட் கொஞ்சம் திறந்திருக்கிறது, அவள் வெளியே வந்தாள். வந்ததற்காக நான் சந்தோஷப்படுகிறேன்.

2017 ஜனவரியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தின வாரம் வரை ‘இந்தத் தலைமுறை போனைத் தவிர எதையும் பார்க்காது’ என்று பேசியவர்கள், மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கில் பிள்ளைகள் கூடி, ராத்திரி அதே போன் வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்ததும் ‘இந்தத் தலைமுறைதான் தமிழினத்தின் நம்பிக்கை’ என்றார்கள். கூட்டம் தடியடியோடு கலைக்கப்பட்டது. கொஞ்ச நாளில் பழைய வசவு திரும்பிவிட்டது. ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறையின் குணம் மூன்று முறை மாறுமா? மாறாது. அது சொல்கிறவர்களின் அன்றைய மனநிலை.

காலம் மனிதர்களைச் செதுக்குவதே இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செதுக்கும். 2020-ல் பத்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரடங்கில் பொதுத்தேர்வே இல்லாமல் தேர்ச்சி கொடுத்தார்கள். ‘கொரோனா பேட்ச்’, ‘ஆல் பாஸ்’ என்று இன்றைக்கும் வேலை நேர்காணலில் குத்துகிறார்கள். அந்த வயதுக்காரர்களுக்கு அது உண்மையிலேயே பொதுவான காயம். ஆனாலும் அதற்குள் போய்ப் பாருங்கள். ஆளுக்கொரு லேப்டாப்பில் ஆன்லைன் வகுப்பு கவனித்தவன் ஒருவன். அப்பா வேலை முடித்துப் போனோடு வரும்வரை காத்திருந்து, சிக்னலுக்காக மொட்டைமாடியில் ஏறி நின்றவன் ஒருவன். வகுப்பே வேண்டாமென்று கல்யாணம் செய்துவைக்கப்பட்ட பெண் ஒருத்தி. ஒரே பேட்ச்தான், ஒரே காலம்தான்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. தலைமுறை என்ற கருத்தை முறையாக ஆராய்ந்த கார்ல் மன்ஹைம் 1928-லேயே எழுதிவிட்டார். ஒரே வருடத்தில் பிறந்தால் மட்டும் ஒரு தலைமுறை ஆகிவிடாது. காலத்தின் சுழலில் சேர்ந்து அகப்பட்டிருக்க வேண்டும். நகரத்தைப் புரட்டிப்போட்ட மாற்றம் எட்டாத தூரத்துக் கிராமத்து இளைஞனை நகரத்து இளைஞனோடு ஒன்றாக எண்ணக் கூடாது என்பதும் அவர் வாதம். தலைமுறைப் பேச்சின் மூலக் கட்டுரையே நம் பெட்டிக்கடை அலங்காரத்துக்கு மறுப்பாக இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து வந்த பெயர்களில் எண்ணிக்கையின் பலம் உள்ளது ‘பேபி பூமர்’ ஒன்றுக்குத்தான். போர் முடிந்து அங்கே 1946-லிருந்து 1964 வரை பிறப்பு ஏறியே இருந்தது. பிற்பாதியில் வருடத்துக்கு 40 லட்சத்துக்கும் மேல். அது அவர்கள் நாட்டுக் கதை. நம் தாத்தா பாட்டியை ‘பூமர்’ என்று கூப்பிடுகிறவர்கள் எந்தப் பிறப்புப் பெருக்கத்தைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ‘ஜெனரேஷன் எக்ஸ்’ பரவியது 1991-ல் வந்த ஒரு நாவலால். ‘மில்லேனியல்’ அதே வருடம் இரண்டு பேர் எழுதிய புத்தகத்தால். இந்தப் பெயர்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் பெரும்பங்கு வகித்த ‘பியூ’ ஆய்வு மையத்துக்கு 2021-ல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள், பிலிப் கோஹன் என்ற சமூகவியலாளர் முன்கையெடுத்து, இவற்றைக் கைவிடுங்கள் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். 2023-ல் அந்த மையமே இனி இந்தப் பெயர்களை எண்ணிப்பார்த்துத்தான் பயன்படுத்துவோம் என்று அறிவித்தது. முளைத்த இடத்திலேயே சந்தேகத்தோடு பார்க்கப்படும் ஒன்றை நாம் இங்கே விளம்பரப் பலகையில் ஏற்றுகிறோம்.

பத்திரிகைகளில் எழுதுகிறவர்களிடமும் பேச்சாளர்களிடமும் எனக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த முறை ‘90ஸ் கிட்ஸ்’ என்று எழுதும்போது எந்த ஊர், எந்தத் தெரு, ஆணா பெண்ணா, வீட்டில் என்ன வருமானம் என்பதையும் அந்த வாக்கியத்தில் சேர்த்து எழுதிப் பாருங்கள். சேர்த்தபின் அந்தச் சொல் தேவைப்படாது. ‘2கே கிட்ஸ் ஏன் வேலையில் நிலைப்பதில்லை’ என்று தலைப்பு வைக்கும்போது, அந்த வேலைக்கு என்ன சம்பளம், எத்தனை மணி நேரம், எத்தனை மாத ஒப்பந்தம் என்று முதல் பத்தியில் போடுங்கள். போடாமல் எழுதினால், அந்தப் பிள்ளைகளின் முதலாளிகளுக்காக எழுதியதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

அலுவலகக் கொண்டாட்டத்தன்று சாயங்காலம் அந்தத் தீப்பெட்டிப் படச் சட்டத்தைப் போனில் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவளுக்கு இப்போது நாற்பத்துமூன்று. அடுக்கி அடுக்கி வலது தோள் பழுதாகிவிட்டது, கையை மேலே தூக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். இதையெல்லாம் எதுக்குச் சட்டம் போட்டு வச்சிருக்காங்க என்று கேட்டாள். சொன்னேன். அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. பிறகு சொன்னாள்:

“அந்தக் கப்பல் படம் இருக்குல்ல, யாரு ஒட்டுனாளோ, கோணாம ஒட்டிருக்கா.”